41 வயதில் முதல் கர்ப்பம்: ஐந்து மாதம்வரை மறைக்கலாமா?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 41. தம்பி தங்கைகளைக் கரைசேர்த்துவிட்டு 38 வயதில்தான் கல்யாணம் செய்துகொண்டேன். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். நான் கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போவேன். கடைசியாக ஜனவரி 15 அன்று தீட்டு வந்தது. அப்புறம் வராததால், வயதாகிவிட்டது, நின்றுவிட்டது என்று இருந்துவிட்டேன். வாந்தி அதிகமாகிப் போய்ப் பார்த்தால் ஒன்பது வாரக் கர்ப்பம், துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். "ஐந்து மாதம் ஆகும்வரை யாரிடமும் மூச்சு விடாதே, கண்ணு படும், ஊர் சிரிக்கும்" என்கிறார் மாமியார். "இந்த வயதில் பெற்றால் பிள்ளை குறையோடுதான் பிறக்கும், ஆபரேஷன்தான்" என்கிறார் நாத்தனார். பிள்ளை நல்லபடியாகப் பிறக்குமா? படுத்தே கிடக்க வேண்டுமா? பாசிக்குப் போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாம்பன்

பதில்: முதலில் வாழ்த்துகள், சகோதரி. உங்கள் கடிதத்தில் அந்த வார்த்தையைச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை என்பதால் நானே ஆரம்பித்துவைக்கிறேன்.

நாத்தனார் சொன்னதைவிட மாமியார் சொன்னதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்கள் வயதில் வரக்கூடிய சிக்கல்கள் பலவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம், சிலவற்றைத் தடுக்கவும் செய்யலாம். ஆனால் அதற்கான நாட்கள் பெரும்பாலும் அவர் மறைக்கச் சொல்லும் அந்த ஐந்து மாதத்துக்குள்தான் வருகின்றன. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் இந்த வாரமே சொல்லியாக வேண்டும். 12 வாரத்துக்குள் பதிவு செய்தால்தான் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) வாங்குவது முதல் எல்லாம் ஒழுங்காக நடக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் அளவுக்குக் கிடைக்கும் உதவிக்கும் இந்தப் பதிவுதான் வாசல்.

இப்போது நாத்தனார் பேச்சுக்கு வருவோம். முழுப் பொய் என்று நான் சொல்லப் போவதில்லை. பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும்போதே உடம்பில் இருப்பவை. அவளுக்கு 41 என்றால் முட்டைக்கும் 41. வயது ஏற ஏற முட்டை பிரியும்போது மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம் சரியாகப் பங்கிடப்படாமல் ஒன்று கூடுதலாகத் தங்கிவிடும் வாய்ப்பு அதிகரிக்கிறது. குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் சிண்ட்ரோம் என்ற குறை அப்படி வருவதுதான். 25 வயதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் ஒன்று என்றிருப்பது, 35 வயதில் சுமார் 350-இல் ஒன்று, 40 வயதில் சுமார் நூறில் ஒன்று; உங்கள் வயதில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். நாத்தனாரிடம் இந்தக் கணக்கை மறுபக்கமாகச் சொல்லிப் பாருங்கள்: நூறு பேரில் ஏறத்தாழ தொண்ணூற்றொன்பது பேருக்கு இந்தக் குறை இல்லாமல்தான் பிறக்கிறது. கரு கலைவதும் நாற்பதுக்கு மேல் அதிகம், ஏறக்குறைய மூன்றில் ஒரு கர்ப்பம். ஆனால் அந்தக் கணக்கில் துடிப்பே வராமல் கலைந்தவையும் சேர்த்தி. ஒன்பது வாரத்தில் துடிப்பு தெரிந்துவிட்ட உங்களுக்கு ஆபத்து அதைவிட நன்றாகவே குறைவு.

நூறில் அந்த ஒருவரா, மற்ற தொண்ணூற்றொன்பதில் ஒருவரா என்று பிரசவம் நடக்கும் அக்டோபர்வரை மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் சொன்ன தேதிப்படி ஏப்ரல் 2 முதல் 22 வரை, அதாவது 11 வாரம் முடிந்ததிலிருந்து 14 வாரம் ஆவதற்குள், என்.டி. ஸ்கேனும் அதோடு சேர்ந்த டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். (ஸ்கேனில் குழந்தையின் அளவை வைத்துத் தேதியைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.) குழந்தையின் பின்கழுத்தில் உள்ள நீர்ப்படலத்தின் தடிமனை அளப்பதுதான் இந்த ஸ்கேன். அந்த வாரங்கள் தாண்டிவிட்டால் பிறகு அளந்து பயனில்லை. தாய் ரத்தத்தில் கலந்திருக்கும் குழந்தையின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. என்ற பரிசோதனை இன்னும் துல்லியமானது, பத்து வாரத்துக்குப் பிறகு எடுக்கலாம், ஆனால் செலவு அதிகம். இவை எதுவும் தீர்ப்பு அல்ல, சந்தேகத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்பவை. சந்தேகம் கூடினால் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியில் எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். அதனால் கரு கலையும் ஆபத்து அனுபவமுள்ளவர் கையில் நூறில் ஒன்றுக்கும் குறைவு. இந்தப் பரிசோதனைகள் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. எப்படி வந்தாலும் வளர்ப்போம் என்று இருப்பவர்களை நான் மறித்துப் பேசுவதில்லை. ஆனால் அது கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவாக இருக்க வேண்டும், நாள் கடந்ததால் தானாக வந்த முடிவாக இருக்கக் கூடாது. கருக்கலைப்புச் சட்டத்திலும் 20 வாரம், 24 வாரம் என்று வரம்புகள் உண்டு. ஐந்து மாதம் மறைத்துவிட்டு வந்து நிற்பவருக்கு யோசிக்க நேரமே இருக்காது.

உறுப்புகள் எல்லாம் சரியாக உருவாகியிருக்கின்றனவா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில்: உங்களுக்கு மே 21 முதல் ஜூன் 4-க்குள். ஒரு நல்ல பொருத்தம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டுக்காரர் கரையில்தான் இருப்பார். இரண்டு ஸ்கேனுக்கும் அவரையே கூட்டிப்போங்கள். என்ன குழந்தை என்று மட்டும் கேட்க வேண்டாம், சொல்வதும் கேட்பதும் குற்றம்.

குழந்தையைப் பற்றியே எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், தாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 41 வயதில் முதல் பிரசவம் என்றால் என் கண் முதலில் போவது ரத்த அழுத்தத்தின் மேல்தான். கர்ப்பகால ரத்தக் கொதிப்பு முதல் கர்ப்பத்திலும் கூடுதல் வயதிலும் அதிகம் வருவது. உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு 12 வாரத்தை ஒட்டி (உங்களுக்கு ஏப்ரல் 9) குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை தொடங்குவது வழக்கம். நீங்களாகக் கடையில் வாங்கிவிடாதீர்கள், வயிற்றுப்புண், ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தர வேண்டும். "எனக்கு ஆஸ்பிரின் தேவையா?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம் நடக்கும், அந்த நாளும் இதுவும் ஒன்றாக வருகிறது.

அடுத்தது சர்க்கரை. குளுக்கோஸ் 75 கிராம் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள்; 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. முதல் தடவை போகும்போதே ஒருமுறை, பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள் (ஜூலையில்) இன்னொருமுறை. முதல்முறை சரியாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். நம் பக்கத்தில் "கருப்பட்டிதானே, சீனி இல்லையே" என்று மூன்று வேளையும் கருப்பட்டிக் காப்பி குடிப்பார்கள். ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனைகளும் உண்டு. ஃபோலிக் அமிலம் இன்றே தொடங்குங்கள்; இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் நான்காம் மாதத்திலிருந்து தருவார்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். உங்கள் கல்யாணம் சொந்தத்தில் நடந்ததா என்று எழுதவில்லை. அப்படியென்றால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அது வயதோடு சம்பந்தமில்லாத வேறு கணக்கு.

படுத்தே கிடக்க வேண்டாம். ரத்தக்கசிவு போன்ற காரணம் இருந்து டாக்டர் சொன்னாலொழிய, படுக்கை ஓய்வால் கரு தங்கிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். நடங்கள், சமையுங்கள், கரையில் உட்கார்ந்து பாசி உலர்த்துவதும் பிரிப்பதும் முடிந்த அளவு செய்யுங்கள். ஆனால் முங்கிப் பாசி எடுக்க வேண்டாம். மூச்சை அடக்கி முங்குவதும், பாறையில் வழுக்குவதும், மணிக்கணக்காக வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதும் ஒருபக்கம். அங்கே ரத்தக்கசிவு ஆரம்பித்தால் வள்ளம் கரைக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். வருமானம் போகுமே என்பது புரிகிறது. ஆனாலும் இதில் நான் இறங்கிவரப் போவதில்லை.

மீன் தாராளமாகச் சாப்பிடுங்கள். சாளை, நெத்திலி, காரல் போன்ற பொடி மீன்கள் உத்தமம். சுறா, மயில் மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அவற்றைத் தவிருங்கள். பிள்ளை பெற்றதும் பால் ஊற சுறாப் புட்டு கிண்டுவார்கள் என்பது தெரியும். அந்தச் சண்டையைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வோம்! கருவாட்டில் உப்பு ஏராளம், ரத்த அழுத்தம் ஏறினால் முதலில் நிறுத்த வேண்டியது அதுதான்.

ஆபரேஷனா என்று கேட்டிருந்தீர்கள். இந்த வயதில் அதற்கு வாய்ப்பு அதிகம் என்பது நிஜம். ஆனால் வயது மட்டுமே அதற்குக் காரணம் ஆகாது. நஞ்சுக்கொடி கீழே இருப்பது, பிள்ளை தலைகீழாகத் திரும்பாதது, அழுத்தம் ஏறுவது என்று ஒரு காரணம் இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாற்பதைக் கடந்தவர்களுக்குப் பிரசவ நாள் தாண்டிக் காத்திருப்பது நல்லதல்ல. வயிற்றிலேயே பிள்ளை இறக்கும் ஆபத்து கடைசி வாரங்களில் கூடுகிறது. அதனால் 39, 40 வாரத்தில் மருந்து வைத்து வலி வரவைக்கலாம் என்று சொன்னால் பயப்படாதீர்கள்.

உங்கள் பிரசவ நாள் அக்டோபர் 22-ஐ ஒட்டி வருகிறது. ஐப்பசி மழை தொடங்கும் நேரம். காற்று பலமாக இருந்தால் பாலத்தில் ரயில் விடமாட்டார்கள் என்பது பாம்பன்காரருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காண்பித்துக்கொள்ளுங்கள், பிரசவத்தையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினால் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அக்டோபர் முதல் வாரமே ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். யார் வீடு என்று இப்போதே பேசி வையுங்கள். அதற்கு முன்னால் எந்த நாளானாலும் தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, ரத்தக்கசிவு, நீர் போவது, பிள்ளையின் அசைவு குறைவது இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். செவிலியரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிப்போங்கள். ராத்திரி வீட்டுக்காரர் கடலில் இருந்தால் அந்த போனைப் போடப் போவது மாமியார்தான்.