சிவப்பு விளக்கில் இடப்புறம் திரும்பும் வண்டிகள்: காரைக்குடிக் கேள்விக்குப் பதில்

பள்ளி விடும் நேரத்தில், சிவப்பு விளக்கு எரியும்போதே இடப்புறம் திரும்பும் வண்டிகளைத் தடுக்க யாரிடம் முறையிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவிடம்தான் முறையிட வேண்டும். சிவகங்கை ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். எந்த முனை, எந்த நேரம் என்று குறிப்பிட்டு, ‘சிவப்பில் இடப்புறம் திரும்பக் கூடாது’ என்ற பலகையையே கேளுங்கள்; பலகை இல்லாத இடத்தில் காவலருக்கும் ஓட்டுநருக்கும் வாக்குவாதமே மிஞ்சும்.

இடப்புறம் திரும்புகிறவர் வலப்புறமிருந்து வரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டு நகர்வதால், இடப்பக்கம் நடைபாதையிலிருந்து இறங்கும் பிள்ளை அவர் கண்ணில் படுவதில்லை என்பதே இந்த ஆபத்துக்குப் பெரும்பாலும் காரணம். செட்டிநாட்டுப் பழந்தெருக்கள் செங்கோணமாக வெட்டிக்கொள்வதால் அங்கே வேகம் தானாகக் குறையும். முனையைச் சீவி அகலப்படுத்திய சந்திப்பில் அந்தத் தடை இல்லை.

மனுவுக்கு முன் ஒரு மாலை அங்கே நின்று, சிவப்பில் திரும்புகிறவர்களுள் எத்தனை பேர் நிறுத்தக்கோட்டில் நிற்கிறார்கள், எத்தனை பேர் ஜீப்ரா கோட்டின் மேலேயே காத்திருக்கிறார்கள் என எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நியூயார்க் நகரில் அனுமதிப் பலகை இல்லாத இடங்களில் சிவப்பில் திரும்பவே கூடாது என்பதையும் எடுத்துக்காட்டலாம்.

ஆனால் தடை வந்தபின் அவ்வண்டிகளெல்லாம் பச்சையில் மொத்தமாகத் திரும்பும். அப்போது பக்கச் சாலையைக் கடப்பவர்களுக்கு ஆபத்து கூடலாம். ஆகவே பாதசாரிகளுக்குச் சில விநாடிகள் முன்னதாக வழிவிடும் சிக்னல் அமைப்பையும் அதே மனுவில் கேளுங்கள்.