அப்ராக்ஸஸ்: உங்கள் தட்டில் பழுது இல்லை
நண்பரே, வானொலியில் மூன்று நிமிடச் சொச்சத்தில் முடியும் 'பிளாக் மேஜிக் வுமன்', நீங்கள் வாங்கிய 'அப்ராக்ஸஸ்' தட்டில் ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிறது, கடைசியில் வேறு பாட்டு கலந்துவிட்டது என்கிறீர்கள். அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 1970இல் அமெரிக்க ராக் இசைக்குழுவான சான்டானா வெளியிட்ட ஆல்பமே அப்படித்தான். அந்தக் கடைசிப் பகுதி 'ஜிப்சி குவீன்'. ஹங்கேரியில் பிறந்த கிடாரிஸ்ட் காபோர் சாபோவின் இசை. முன்பகுதி பீட்டர் கிரீன் எழுதி, அவருடைய ஃப்ளீட்வுட் மேக் குழு 1968இல் வெளியிட்டது. இரண்டையும் ஒரே பாடலாகக் கோத்தார்கள். இந்தப் பாட்டை மட்டும் தனியாக வெளியிட்ட சிங்கிளில் பின்பகுதியை வெட்டிவிட்டார்கள், அதைத்தான் நீங்கள் இதுவரை கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு அந்த வெட்டு இன்றும் பொறுக்கவில்லை. குழுவின் பாடகர் கிரெக் ரோலி பாடி முடித்ததும் காங்கா, டிம்பாலே மேளங்கள் வேகம் பிடிக்க, கார்லோஸ் சான்டானாவின் கிடார் கட்டவிழ்ந்து பாயும் இடம் அதுதானே!

அப்புறம், ஆல்பத்தின் முதல் பாடலின் முடிவு 'பிளாக் மேஜிக் வுமன்' தொடக்கத்தோடு ஒட்டியே வரும். அதனால் போனில் ஏற்றினால் ஷஃபிளை அணைத்துவிட்டு, பாடல்களுக்கு இடையே இடைவெளி விழாதபடி அமைத்து, முதலிலிருந்து கேளுங்கள். அடுத்து வரும் 'ஓயே கோமோ வா' லத்தீன் இசைக்கலைஞர் டிட்டோ புவென்டேயின் பாட்டு. அவருடைய மூலப் பதிவையும் தேடிக் கேளுங்கள். அங்கே புல்லாங்குழல் வரும் இடத்தில் இங்கே கிடார் பேசும்.