ஊக்கப்படுத்துவது பேச்சு வருகிறவர்களின் வேலையா?

கேள்வி: கிறிஸ்தவ வாழ்க்கையில் மற்றவர்களை ஊக்கப்படுத்துவது எல்லாருக்கும் உள்ள கடமையா, வரம் பெற்றவர்களுக்கு மட்டுமா? எனக்குக் கூச்ச சுபாவம், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. என்னை ஊக்கப்படுத்தவும் ஆள் இல்லை. நான் என்ன செய்வது?

பதில்:

கூச்ச சுபாவம் என்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. நான் பார்த்தவரை இந்தக் காரியத்தைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள்தான்.

முதலில் வரமா, கடமையா என்பது. ரோமர் 12-ல் அப்போஸ்தலன் பவுல் வரங்களை வரிசையாகச் சொல்லும்போது, புத்திசொல்லித் திடப்படுத்துவதையும் அதில் ஒன்றாக வைக்கிறார். உண்மை. ஆனால் அதே எட்டாம் வசனத்தில் பகிர்ந்துகொடுப்பதும் இரக்கம் செய்வதும் இருக்கின்றன. "எனக்குக் கொடுக்கிற வரம் இல்லை" என்று சொல்லிவிட்டு, காணிக்கைப் பை வரும்போது ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? (சிலர் உட்காருகிறார்கள், அது வேறு கதை.) ஊக்கப்படுத்துவதும் அப்படித்தான். சிலருக்கு அது இயல்பாக வரும், மற்றவர்கள் கொஞ்சம் முயன்று செய்ய வேண்டும், அவ்வளவுதான். எபிரெயர் 3:13 "நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" என்கிறது. போதகருக்கு மட்டும், மூப்பருக்கு மட்டும் என்று பிரிக்கவில்லை. பாவத்தின் வஞ்சனையால் ஒருவரும் கடினப்பட்டுப் போகக் கூடாது என்று காரணமும் அங்கேயே இருக்கிறது. மனுஷன் ஒரே ராத்திரியில் இறுகிப்போவதில்லை. சலிப்பு, வருத்தம், "யாருக்கு என்ன அக்கறை" என்ற நினைப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் அதற்குப் போதாது.

என் அனுபவம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி ஆரம்பித்ததிலிருந்து இது படிக்கிற பிள்ளைகளின் ஊர். பல்கலைக்கழகம், என்ஜினியரிங் காலேஜ், சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எல்லாம் வந்தபின் கேட்கவே வேண்டாம். என் மாதிரிக் கடைக்கு ஜனங்கள் நல்ல செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு வருவதில்லை. தேர்வு முடிவு, வங்கி நோட்டீஸ், ஸ்கேன் ரிப்போர்ட், வேலையை விட்டு நிறுத்திய கடிதம், எல்லாம் முதலில் என் பிரிண்டர் வழியாகத்தான் தாளில் வருகிறது. பல நேரம் அவர்கள் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்ற நேரங்கள் நிறைய.

அப்படி நிற்கிறவர்களுக்கு நான் சொல்லும் வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:14. "ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்." மூன்று வகை ஆட்கள், மூன்று வேறு காரியங்கள். நம் சபைகளில் நடப்பது என்னவென்றால், மூன்று பேருக்கும் முதல் மருந்தையே கொடுத்துவிடுகிறோம். பரீட்சையில் தோற்ற பையனுக்குப் புத்தி. புருஷனை இழந்தவளுக்குப் புத்தி. டயாலிசிஸுக்குப் போய் வருகிறவருக்கும் புத்தி, கூடவே "விசுவாசம் குறையாமப் பாத்துக்கங்க" என்று ஓர் எச்சரிக்கை. பலவீனரைத் தாங்கச் சொன்ன இடத்தில் தாங்கத்தான் வேண்டும். தாங்குவதற்குக் கை வேண்டும், நேரம் வேண்டும், சில சமயம் காசு வேண்டும். மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூடப் போய், சீட்டு வாங்கும் வரிசையில் அவருக்குப் பதிலாக நிற்பது தாங்குதல். அதற்குப் பேச்சே தேவையில்லை. உங்களுக்கு ஏற்ற வேலை.

ஒருநாள் குரூப் 4 தேர்வு எழுதிய பையன் ஒருவன் வந்தான். இரண்டு வருஷமாக லாட்ஜ் மாதிரி ஓர் அறையில் தங்கிப் படித்தவன். மதிப்பெண்ணைப் பிரிண்ட் எடுக்கச் சொன்னான், எடுத்தேன். தாளை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். எனக்கு எரேமியா 29:11, தேவன் நமக்கு நல்லதையே நினைத்திருக்கிறார் என்கிற வசனம், வாய் வரைக்கும் வந்துவிட்டது. எல்லாருக்கும் வருமே, அது. அதற்குள் பக்கத்துக் கடை ஆச்சி எட்டிப் பார்த்தார்கள். முறுக்கு, அதிரசம் சுட்டு விற்கிறவர்கள், கார்த்திகை தவறாமல் குன்றக்குடி முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள். பையன் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலைல சாப்டியாப்பு?" என்றார்கள். இல்லையாம். "உள்ள வந்து உக்காரு" என்று பணியாரத்தை வைத்துக் கொடுத்தார்கள். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் தின்று முடித்துத் தண்ணீர் குடித்தபின் தானாகவே பேச ஆரம்பித்தான், நெடுநேரம் பேசினான்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டபோது (1 இராஜாக்கள் 19) வந்த தூதன் செய்ததும் இதுதான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர், "எழுந்திருந்து போஜனம்பண்ணு." எலியா தின்று மறுபடி படுத்துக்கொண்டான். தூதன் கோபிக்கவில்லை, இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அவன் ஓரேப் மலை வரைக்கும் நடந்துபோன பிறகுதான் வருகிறது. வேதம் படிக்கிற நான் வசனத்தோடு நின்றேன், வேதம் படிக்காத ஆச்சி தூதன் செய்ததைச் செய்தார்கள். நம்மவர்களிடம் இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

காலையில் வாட்ஸ்அப்பில் சூரியோதயப் படத்தோடு வருகிற வசனங்களைப் பற்றிக் கேட்டால், எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. நூற்றைம்பது பேருக்கு ஒரே நேரத்தில் போவது யாருக்கும் எழுதியதாக ஆகாது. நீதிமொழிகள் 25:20 பாருங்கள். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போல என்று இருக்கிறது. துக்கத்தில் இருப்பவரிடம் உற்சாகமாகப் பேசினாலே அவருக்குக் குளிரும் என்று சாலொமோன் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

எங்கள் பக்கம் கேதம் (துக்கம்) கேட்கப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பொம்பளைகள் போனதும் கட்டிப்பிடித்து அழுவார்கள், அப்புறம் கூட உட்கார்ந்திருப்பார்கள். ஆம்பளைகள் வெளியே பெஞ்சில் பேசாமல் இருப்பார்கள், எழுந்து போகும்போது "வரேன்" என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் இப்படித்தான் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசாமல். அதுவரை அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டாவது நாளோடு எழுந்து ஊருக்குப் போயிருந்தால் நல்ல சிநேகிதர்கள் என்றே பேர் வாங்கியிருப்பார்கள். வாயைத் திறந்தார்கள், கெட்டது.

அப்படியானால் பேசவே கூடாதா? பேச வேண்டிய இடம் உண்டு. ரோமர் 16-ஐ நாம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம், வெறும் பெயர்ப் பட்டியல் என்று. பவுல் அதுவரை ரோமாபுரிக்குப் போனதே இல்லை. ஆனாலும் இருபது பேருக்கு மேல் பெயர் சொல்லி வாழ்த்துகிறார், அதில் பலருக்கு அவர்கள் செய்தது என்ன என்றும் சொல்கிறார். மரியாள் மிகவும் பிரயாசப்பட்டாள், பிரிஸ்கில்லாவும் ஆக்கில்லாவும் என் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தார்கள், ரூபின் தாய் எனக்கும் தாய். அந்தக் கடிதம் சபையில் வாசிக்கப்பட்டபோது மரியாள் எங்கே உட்கார்ந்திருந்தாளோ! "நல்லாச் செஞ்சீங்க" என்று பொதுவாகச் சொல்வதற்கும், "போன அறுப்பின் பண்டிகையன்னைக்கு எல்லாரும் போனப்புறம் நீங்க ஒத்த ஆளா நின்னு பாத்திரம் கழுவுனதைப் பாத்தேன்க்கா" என்பதற்கும் எவ்வளவோ தூரம். இரண்டாவதைச் சொல்லப் பேச்சுத் திறமை வேண்டாம், பார்த்திருக்க வேண்டும். கூச்ச சுபாவக்காரர்கள் ஓரத்தில் நின்று நிறையப் பார்ப்பார்கள். நேரில் சொல்ல வராவிட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரியதாக நான் நினைப்பது ஆதிச் சபையில் இருந்த பர்னபா செய்தது. சவுல் (பிற்பாடு பவுல் என்று பேர் வாங்கியவர்) மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் பயந்தார்கள், நம்பவில்லை. நேற்றுவரை வீடு வீடாகப் புகுந்து விசுவாசிகளைச் சிறைக்கு இழுத்துப்போனவனை எப்படி நம்புவது? பர்னபாதான் அவரைக் கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போய் நடந்ததைச் சொன்னார் (அப்போஸ்தலர் 9). எங்கள் செட்டிநாட்டு மொழியில் சொன்னால், ஜாமீன் போட்டார். கொண்டுவிற்ற காலத்திலிருந்து, அதாவது செட்டியார்கள் கடல் தாண்டி வட்டித் தொழில் செய்த காலத்திலிருந்து, இங்கே அதன் கனம் எல்லாருக்கும் தெரியும். கடன் வாங்கியவன் ஓடினால் கையெழுத்துப் போட்டவன் நாணயம் போகும். பின்னால் பவுலே மாற்குவைக் கூட்டிப்போக மறுத்தார், பாதி வழியில் விட்டுப் போனவன் என்று. பர்னபா அவனுக்கும் நின்றார், அதற்காகப் பவுலோடு பிரிந்தே போனார். பல வருஷம் கழித்து, சிறையிலிருந்து பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். சுவிசேஷம் எழுதிய மாற்கு இவர்தான் என்பது திருச்சபையின் பாரம்பரியம்.

எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார், இப்போது இல்லை. குடியில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்த ஒருவரிடம் ஆலயத்துச் சாவியைக் கொடுத்துவிட்டார், ஞாயிறு காலையில் திறக்க. கமிட்டியில் சத்தம். உண்டியல் உள்ளே இருக்கிறது, மைக் செட் இருக்கிறது, இவரை எப்படி நம்புவது? பெரியவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "சாவி தொலஞ்சா பூட்டு நான் மாத்தித் தாரேன். சாமான் போனா என் பேருல எழுதிக்கங்க." அந்த ஆள் அதற்கப்புறமும் குடித்தார். ஒரு ஞாயிறு கதவு திறக்கவே இல்லை, ஜனங்கள் வெயிலில் நின்றார்கள். பெரியவர் அவர் வீட்டுக்குப் போய் எழுப்பிக் கூட்டிவந்தார், சாவியைத் திருப்பி வாங்கவில்லை. இன்றைக்கும் அந்த மனுஷன்தான் ஆலயத்தைத் திறக்கிறார். ரொம்ப வருஷம் பிடித்தது. சபையில் பாதிப் பேருக்கு அவர்மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓர் எச்சரிக்கை. ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், சாப்பாடு தூக்கம் விட்டுப் பல நாளானால், ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இல்லையென்றால் 104, இரண்டில் ஒன்றுக்குக் கூப்பிட்டுக் கூடவே இருங்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இதை விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் பக்கத்தில் அவரை விடாதீர்கள்.

கடைசியாக நீங்கள் எழுதிய ஒரு வரி, என்னை ஊக்கப்படுத்த ஆள் இல்லை என்பது. நான் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் சபைக்காரன். ஆனாலும் திருவாடானைப் பக்கம் ஓரியூருக்கு எப்போதாவது போவேன், அருளானந்தர் என்ற கத்தோலிக்கக் குரு 1693-ல் வெட்டுப்பட்ட இடம். சாவதற்கு முன் சிறையிலிருந்து அவர் தன் இயேசு சபைத் தோழர்களுக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதினார் என்று படிக்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் எல்லாரும் அந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் சொன்ன அதே தீமோத்தேயு கடிதத்தைப் பாருங்கள். பவுல் எவ்வளவு வெளிப்படையாகக் கேட்கிறார்! சீக்கிரம் வா. தேமா என்னை விட்டுப் போய்விட்டான். துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, புத்தகங்களையும், முக்கியமாய்த் தோற்சுருள்களையும். மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு. அவருக்குக் கேட்க வெட்கமில்லை. நீங்களும் உங்கள் சபையில் கொஞ்சம் சாதுவான ஒருவருக்குப் போன் போட்டு, "அண்ணே, மனசு சரியில்ல, சாயந்தரம் ஒரு எட்டு வந்துட்டுப் போறீகளா" என்று கேளுங்கள். வந்தால் காபி போட்டுக் கொடுங்கள். அவருக்கும் அப்படிக் கூப்பிட ஆள் இல்லாமல் இருக்கலாம்.