கொடைக்கானல் குளிரில் நீண்ட கூந்தல்

கேள்வி: ஒரே தோள்பையுடன் நான்கு நாள் கொடைக்கானல் செல்கிறேன். இடுப்பைத் தாண்டும் கூந்தலை அங்கே எப்படிப் பராமரிப்பது? (வாசகி, மதுரை)

பதில்: புறப்படுவதற்கு முதல் நாள் மதுரை வெயிலிலேயே தலைக்குக் குளித்து, நன்றாக உலர்த்திப் பின்னிக்கொண்டு கிளம்பினால், இடையில் ஒரு முறை அலசினாலே போதும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் குளிரும் மூடுபனியும் சேர்ந்துகொள்வதால், மதுரையில் மதியத்துக்குள் காயும் கூந்தல் அங்கே மாலையிலும் அடியில் ஈரமாகவே இருக்கும்; ஆகையால் வெயில் தெளிந்த முற்பகலில் மட்டுமே அலசுங்கள். இரண்டு கைப்பிடி சீயக்காய்த் தூளை எடுத்துச் சென்று, வெதுவெதுப்பான நீரில் கரைத்து, உச்சந்தலையில் மட்டும் தேயுங்கள். வழிந்து இறங்கும் கரைசலே நுனிகளுக்குப் போதும்.

கனத்த டர்க்கி டவல் பையை அடைத்துக்கொள்வதோடு தானும் காயாது. மெல்லிய ஈரிழைத் துண்டால் முடியைக் கசக்காமல் ஒற்றி, துண்டைப் பிழிந்து, மீண்டும் ஒற்றுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், குறுகிய வாயுள்ள குப்பியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருக்க நேரும் (நானும் தட்டியிருக்கிறேன்). வாயகன்ற சிறு டப்பாவில் கொண்டுசென்றால், விரலால் வழித்து உள்ளங்கையில் தேய்த்தவுடன் உருகிவிடும். ஈரத்தோடு மட்டும் கொண்டை போடாதீர்கள். அந்த வாடை மறுமுறை அலசும்வரை போகாது.