12 மாத இஎம்ஐயில் ரோடு பைக் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. தாம்பரம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், மகள் எல்கேஜி. வாடகை உட்பட மாதச் செலவு 42,000 ஆகிறது. வங்கிக் கணக்கில் 90,000 இருக்கிறது. கிரெடிட் கார்டில் 26,000 பாக்கி; மாதாமாதம் மினிமம் டியூ கட்டி வருகிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்த பிறகு சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். ஒரு வருடமாக ஹைபிரிட் சைக்கிளில் ஞாயிறுதோறும் ஈசிஆரில் 50 கிலோமீட்டர் போகிறேன். ஆறு மாதத்தில் 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்றை முடிக்க ஆசை. அதற்காக மூன்று ரோடு பைக் (வளைந்த ஹேண்டிலும் மெல்லிய டயரும் உள்ள வேக சைக்கிள்) பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, ஷிமானோ நிறுவனத்தின் '105' என்ற ரகக் கியர் போட்ட அலுமினிய பைக்: 1,20,000 ரூபாய், 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ, ரொக்கமாகக் கொடுத்தால் 1,14,000. இரண்டு, அதே நிறுவனத்தின் கீழ் ரகமான கிளாரிஸ் கியர் போட்டது, 48,000. மூன்று, அலுவலக நண்பரின் ஆறு வருடப் பழைய கார்பன் பைக், 60,000. நண்பர் 5 அடி 11 அங்குலம், நான் 5 அடி 6. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். ஆனால் இப்போது வேண்டாம், ஆறு மாதம் கழித்து ரொக்கமாக வாங்குங்கள். பிரெவேயை உங்கள் ஹைபிரிட்டிலேயே ஓட்டிவிடலாம். இதைப் படித்ததும் உங்கள் முகம் வாடும் என்று தெரியும். நானும் வார இறுதியில் சைக்கிள் மிதிக்கிறவன்தான், புது பைக் மேல் வரும் ஆசை எனக்கும் நன்றாகத் தெரியும். அதனால் காரணங்களை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கார்டு பாக்கி. மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 26,000-க்கு 910 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ஏறத்தாழ 1,075 ரூபாய் மாதாமாதம் கரைகிறது. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பாக்கி வைத்திருக்கும்வரை, அந்தக் கார்டில் நீங்கள் வாங்கும் அடுத்த பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. மளிகை வாங்கினாலும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்கு 90,000 கிடக்கும்போது இந்தப் பாக்கியைச் சுமக்க ஒரு காரணமும் இல்லை. இன்றைக்கே 26,000-ஐ முழுதாகக் கட்டிவிடுங்கள்.

அடுத்து நோ காஸ்ட் இஎம்ஐ. 1,20,000-ஐ 12 மாதம் பத்துப் பத்தாயிரமாகக் கட்டுவதால் வட்டி இல்லை என்று தோன்றும். உண்மையில் வங்கி வட்டி போடுகிறது. அந்த அளவுக்கு விலையில் முன்கூட்டியே தள்ளுபடி காட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் தவணைகளுக்குள் சுமார் 9,200 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கும். அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது சுமார் 1,650 ரூபாய், உங்கள் தலையில் விழும். பிராசஸிங் கட்டணம் தனி. ரொக்கத்துக்குக் கிடைக்கும் 6,000 ரூபாய் தள்ளுபடியும் போகிறது. ஆக, 'காஸ்ட்' இல்லாத தவணைக்கு நீங்கள் 7,600 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள்.

சரி, பணத்தை விடுங்கள். 105 கியர் உங்களுக்கு என்ன தரும்?

ஷிமானோவின் ரோடு பைக் வரிசையில் கிளாரிஸுக்குப் பின்பக்கம் 8 பல்சக்கரங்கள், சோராவுக்கு 9, டியாக்ராவுக்கு 10, இப்போதைய 105-க்கு 12. அதற்கும் மேலே அல்டெக்ரா, டியூரா ஏஸ். மேலே போகப்போக எடை குறையும், கியர் விழுவது மென்மையாகும், ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி சிறிதாகும். கூட்டமாகப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும். சமதரையில் மணிக்கு 25, 30 கிலோமீட்டரில் போகும்போது உங்கள் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது, அந்தக் காற்றில் பெரும்பகுதி மோதுவது உங்கள் உடம்பின் மேல். பின்சக்கரத்தில் 8 பல்சக்கரம் இருக்கிறதா 12 இருக்கிறதா என்பது அங்கே கணக்கிலேயே வராது.

எடைக்கும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நீங்கள் 70 கிலோ, பைக் 10 கிலோ என்றால் மொத்தம் 80. பைக்கில் 2 கிலோ குறைந்தால் 2.5 சதவீதம். ஒரு மணி நேரச் செங்குத்து ஏற்றத்தில் ஒன்றரை நிமிடம் மிச்சமாகும். ஈசிஆரில் ஏற்றமே இல்லை. பிற்பாடு 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்குப் போக ஆசைப்பட்டால், அப்போது பார்க்க வேண்டியது மிகச் சிறிய கியர். முன்னால் 50, 34 பற்கள் உள்ள இரண்டு பல்சக்கரம் (50/34), பின்னால் 11 முதல் 32 பற்கள் வரை (11-32) போட்ட கிளாரிஸ் பைக்கில் 34-க்கு 32 கிடைக்கும். ஒரு சுற்று மிதித்தால் சக்கரமும் ஏறக்குறைய ஒரு சுற்றுதான் சுற்றும். புதிதாக மலை ஏறுகிறவருக்கு அது பெரிய உதவி. கடையில் கியரின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல் இந்த எண்களைக் கேளுங்கள்.

பராமரிப்பிலும் வித்தியாசம் உண்டு. செயின் தேய்கிற பொருள். நம் ஊர் தூசியிலும் மழையிலும் 3,000, 4,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டி வரலாம். விட்டுவிட்டால் கேசட்டையும் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பு) தின்றுவிடும். 8 கியர் செயினும் கேசட்டும் மலிவு, சாதாரண சைக்கிள் கடையிலும் கிடைக்கும். 12 கியர் பாகங்கள் பல மடங்கு விலை. நான் ஐந்து வருடமாக ஓட்டுவதும் கிளாரிஸ்தான். செயின் தேய்மானம் பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி மாதம் ஒருமுறை வைத்துப் பார்ப்பேன். இதுவரை கேசட்டை ஒரே ஒரு முறைதான் மாற்றியிருக்கிறேன்.

"இப்போது கிளாரிஸ் வாங்கி, பிறகு 105-க்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று கடையில் சொல்வார்கள். அந்த எண்ணத்தோடு வாங்காதீர்கள். கியர் மாற்றும் லீவர், செயினை நகர்த்தும் முன் டெரெய்லர், பின் டெரெய்லர், கேசட், செயின் என எல்லாமே மாற வேண்டும். சில பைக்கில் பின்சக்கரமும். அந்தச் செலவுக்கு இன்னொரு பைக்கே வந்துவிடும். விற்கும்போதும் போட்ட பணம் திரும்பாது. இன்னொன்று: 'கிளாரிஸ் பைக்' என்று சொன்னாலும் சிலவற்றில் டெரெய்லரும் லீவரும் மட்டும்தான் கிளாரிஸ், கிராங்க்கும் (பெடல் பொருத்தும் தண்டு) பிரேக்கும் வேறு மலிவான தயாரிப்பாக இருக்கும். அதில் தப்பில்லை, விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதையும் பாருங்கள்.

நண்பரின் கார்பன் பைக்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அவர் உங்களைவிட ஐந்து அங்குலம் உயரம். அந்த ஃபிரேம் உங்களுக்குப் பெரிது; 100 கிலோமீட்டர் தாண்டினால் கழுத்தும் இடுப்பும் சொல்லிவிடும். கார்பனில் உள்விரிசல் வெளியே தெரியாது என்பது அடுத்த கவலை.

இப்போது பிரெவேக்கு வருவோம். 200 கிலோமீட்டருக்குத் தரும் நேரம் 13 மணி 30 நிமிடம். சாப்பாடு, பஞ்சர், டீ எல்லாம் சேர்த்து சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர் கூட வேண்டாம். ஞாயிறுதோறும் 50 ஓட்டும் உங்களுக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. எட்டு ஒன்பது மணி நேரம் சீட்டில் உட்கார முடியுமா, கை மரத்துப் போகாமல் இருக்குமா, சாப்பிட்டுக்கொண்டே ஓட்டப் பழகியிருக்கிறோமா என்பதுதான் கேள்வி. அதற்கான செலவு சிறியது.

உங்களிடம் மாதம் 16,000 மிஞ்ச வேண்டும். இந்த மாதம் அதில் 6,000-ஐ ஹைபிரிட்டில் போடுங்கள்: பட்டன் இல்லாத வழுவழுப்பான 32 மில்லிமீட்டர் டயர் (உங்கள் ரிம்முக்குப் பொருந்துமா என்று கேட்டு), நல்ல பேடு வைத்த ஷார்ட்ஸ், கை வைக்கும் இடத்தை மாற்றிக்கொள்ள ஹேண்டில் நுனியில் பார் எண்டு. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட் உயரத்தைச் சரிசெய்யுங்கள். இதற்குக் காசே வேண்டாம். பிறகு மூன்று வாரம் கூட்டி ஒரு வாரம் குறைத்து, 60, 75, 90 என்று ஞாயிறு தூரத்தை ஏற்றுங்கள். 140, 150-ஐ ஒருமுறை தொட்டுவிட்டால் 200 முடியும்.

மீதி 10,000-ஐ, இஎம்ஐ கட்டத் தயாராக இருந்தீர்களே, அதே 10,000-ஐ, ஆறு மாத ஆர்டி போடுங்கள். முடியும்போது 60,000-க்குக் கொஞ்சம் மேல் இருக்கும். 48,000 பைக்குக்கு. மீதி ஹெல்மெட், முன்பின் விளக்கு, கைப்பம்பு, இரண்டு டியூப், பாட்டில் ஸ்டாண்டு ஆகியவற்றுக்கு. பைக் விலையை மட்டும் எண்ணி வாங்கி, இவற்றுக்கு மறுபடி கார்டைத் தேய்க்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹெல்மெட்டும் விளக்கும் இல்லையென்றால் அவற்றை மட்டும் முதல் மாதமே வாங்கிவிடுங்கள். அடுத்த மாதத்திலிருந்து மிஞ்சும் 6,000-ஐ, கார்டு அடைத்த பிறகு கணக்கில் இருக்கும் 64,000-உடன் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அது ஒன்றரை மாதச் செலவுக்குத்தான் காணும். ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டுக்குக் குறைந்தது மூன்று மாதச் செலவு, அதாவது 1,26,000, கையில் வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வாராவாரம் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டப் போகிறீர்கள், வீட்டில் சம்பாதிப்பது நீங்கள் ஒருவர். பைக்குக்கு முன் தனிநபர் விபத்து பாலிசி ஒன்று எடுங்கள். காயத்தால் வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் பிரிவு அதில் இருக்கட்டும். பந்தயம், சாகச விளையாட்டு போன்றவற்றுக்கு விலக்கு எழுதியிருப்பார்கள். பிரெவே பந்தயம் அல்ல, ஆனாலும் அது விலக்கில் வராது என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாலிசி எங்கே இருக்கிறது என்பது உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.