நான்காவது மரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்குக் குலசேகரம் பக்கம். நாகர்கோவிலில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கடைசி வருடம் படிக்கிறேன். வகுப்புக்காக 12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறோம். ரப்பர் தோட்டத்தில் விடியலுக்கு முன்னால் பால் வெட்டப் போகும் ஒரு பெண், தனக்குரிய மரங்களில் ஒன்றை யாரோ இரவிலேயே வெட்டிப் பாலைத் திருடிக்கொண்டு போயிருப்பதைப் பார்க்கிறாள். கதை அங்கேதான் தொடங்குகிறது. தொடக்கக் காட்சி 2 நிமிடம் 10 விநாடி. சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, முப்பந்தல் காற்றாலைகள், மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாவற்றையும் டிரோனில் எடுத்து, பாட்டுப் போட்டு, அதன்மேல் பெயர்களைக் கொடுத்தோம். அதன்பிறகு தோட்டம், பால்வெட்டு, அந்த மரம். பார்த்தவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அந்த மரத்தில் என்ன நடந்தது, அவள் ஏன் திகைக்கிறாள் என்பது யாருக்கும் பிடிபடவில்லை. வசனம் சேர்த்துவிடலாமா? படத்தை அனுப்பியிருக்கிறேன். சமர்ப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது, திரும்ப எடுக்கவும் தயார்.

அன்புடன்
ஒரு மாணவர்

அன்புள்ள தம்பிக்கு,

படத்தை இரண்டு முறை பார்த்தேன். வசனம் வேண்டாம். திருட்டு நடந்த மரம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் உங்கள் ஊருக்கும் தெரியும். திருடப்படாத மரம் எப்படி இருக்கும் என்பதே பார்ப்பவருக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுப்பதுதான் உங்கள் தொடக்கக் காட்சியின் வேலை. இப்போதுள்ள 130 விநாடிகளில் பால்வெட்டுக்குக் கிடைத்திருப்பது வெறும் 6 விநாடி. கத்தி ஒருமுறை இழுபடுகிறது, உடனே அவள் முகம், உடனே அடுத்த மரம். அந்த 6 விநாடியில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

கடலையும் சிலையையும் பாலத்தையும் எடுத்துவிடுங்கள். அவை நம் மாவட்டத்தின் பெருமைகள்தான். ஆனால் உங்கள் கதை நடக்கும் குமரி வேறு. குலசேகரம், பேச்சிப்பாறை, களியல், கீரிப்பாறை என்று மலையடிவாரத்தில் கிடக்கும் அந்தப் பாதி திரையில் வந்ததே குறைவு. முட்டத்துப் பாறைகளைச் சினிமா எண்பதுகளிலேயே பார்த்துவிட்டது. விடிவதற்கு முன்னால் நெற்றி விளக்கோடு மரம் மரமாக நகரும் ஒரு பெண்ணை அது இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. கையில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு எதற்குத் தம்பி சூரிய உதயம்?

இனி வேலைக்கு வருவோம்.

ஒரு மரத்தில் நடப்பது இதுதான். முந்தைய வெட்டில் கடைசியாக வடிந்த பால், வெட்டுக்கால் எனப்படும் வெட்டுத் தடத்திலேயே உறைந்து ஒரு நீளமான நாடாவாக ஒட்டியிருக்கும். அந்த ஒட்டுபாலை ஒரு நுனியில் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். அதைக் கூடையில் போடுகிறாள். பால் சேரும் சிரட்டையைத் துடைக்கிறாள். பிறகு கத்தி, இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பட்டையைச் சீவுகிறது. வெள்ளைப் புள்ளிகள் முளைத்துக் கோடாகி, சரிவில் ஓடி, தகரத் துண்டின் வழியே சிரட்டையில் சொட்டுகின்றன. அவள் அதற்குள் அடுத்த மரத்துக்குப் போயிருப்பாள்.

இதில் உங்கள் கதைக்குத் திறவுகோல் அந்த ஒட்டுபால். கத்தியோ பாலோ அல்ல. திருடப்பட்ட மரத்தில் அவள் கை ஒட்டுபாலைத் தேடிப் போகும். அங்கே காய்ந்த நாடா இருக்காது. விரல் ஈரத்தில் படும். அந்த ஈர விரலைப் பார்த்ததும் திரைக்கு வெளியே இருப்பவருக்கும் திக்கென்று இருக்க வேண்டுமென்றால், அதற்குமுன் அந்தக் கை மூன்று மரங்களில் நாடாவை உரித்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். உங்கள் படத்தில் ஒரு மரத்தில்கூட அது இல்லை. எடிட்டில் நீங்கள் முதலில் வெட்டித் தள்ளியது அந்தக் காட்சியைத்தான் என்று நினைக்கிறேன்.

தொடக்கக் காட்சியை மொத்தம் 60 விநாடிக்குள் அடக்கலாம். கறுப்புத் திரையில் 4 விநாடி, பூச்சிச் சத்தமும் பட்டை சீவும் சத்தமும் மட்டும். முதல் மரம் 22 விநாடி: நாடா உரிவது, சிரட்டை, வெட்டு, பால் ஓடுவது எல்லாமே முழுசாக. இரண்டாவது மரம் 9 விநாடி: நாடா, வெட்டு. மூன்றாவது 4 விநாடி: நாடா மட்டும், அதே கோணத்தில், அதே அளவில். நான்காவது மரத்தில் அதே கோணத்தில் கை வருகிறது. இந்த ஷாட்டை மட்டும் 10 விநாடிக்குக் குறையாமல் வெட்டாமல் விடுங்கள். விரல் ஈரம், காலிச் சிரட்டை, மரத்தடியில் கிடக்கும் புதுச் சீவல். அதன்பிறகே முகம். அதன்பிறகு படத்தின் பெயர். கோணமும் அளவும் மாறாமல் இருப்பது முக்கியம். மூன்று மரத்துக்கும் மூன்று விதமாகக் கேமரா வைத்தால் பார்ப்பவரின் கண் கேமராவைக் கவனிக்கும், வித்தியாசத்தைக் கவனிக்காது.

எடுப்பதில் முதல் சிக்கல் ரீடேக். வெட்டிய மரத்தை மறுபடி வெட்ட முடியாது. நாடா உரிந்தது உரிந்ததுதான். பட்டையில் திரும்பத் திரும்பச் சீவினால் கத்தி தண்ணிப்பட்டைக்கு, அதாவது பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய படலத்துக்கு, இறங்கி மரத்தில் காயமாகும், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். தோட்டக்காரர் உங்களை அடுத்த முறை உள்ளே விடமாட்டார். ஆகவே ஒரு டேக்குக்கு ஒரு மரம். வரிசையில் ஒரே பருமனுள்ள, வெட்டு ஒரே உயரத்தில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு மரங்களை முந்தின நாளே பார்த்து வையுங்கள். பொதுவாக ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டு, எனவே அன்றைக்கு வெட்டு முறையுள்ள பகுதியாகவும் இருக்க வேண்டும். டிரைபாடின் கால் அகலத்தையும் மரத்திலிருந்து தூரத்தையும் ஒரு கயிற்றில் முடிச்சுப்போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த மரத்துக்கு நகர்த்தியதும் அதே ஃப்ரேம் கிடைக்கும்.

நெருக்கக் காட்சிகளில் கை உண்மையான பால்வெட்டுகாரருடையதாக இருக்கட்டும். உங்கள் நடிகை கத்தியை அழுத்திப் பிடித்திருக்கிறார், இழுப்பு ஒரே சீராக வரவில்லை. மிட் ஷாட்டில் அது தெரியாது, குளோசப்பில் கட்டாயம் தெரியும். இருவருக்கும் ஒரே சட்டை, ஒரே வளையல். அவருடைய அன்றைய வெட்டு உங்களால் தாமதமாகும். வெயில் ஏற ஏறப் பால் குறையும் என்பதால் அது நேரடியாக அவர் வருமானத்தில் விழும். அதற்கான கூலியை முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடுங்கள்.

திருடப்பட்ட மரத்துக்குத் தண்ணீரில் மைதா கரைத்து ஊற்றியிருக்கிறீர்கள். அது தெரிகிறது. பால் வழியும் விதமே வேறு. படப்பிடிப்புக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் ஒரு மரத்தை நிஜமாகவே வெட்டச் சொல்லி, சிரட்டையில் சேர்ந்ததை ஊற்றி எடுத்துவிடுங்கள். அப்போது வெட்டுக்காலில் மிஞ்சியது பாதி உறைந்து, தொட்டால் விரலோடு இழுபடும். காய்ந்த நாடா மாதிரி உரியாது. ஊரில் இதைப் பார்க்கும் எந்தப் பால்வெட்டுகாரரும் அந்த ஒரு ஷாட்டிலேயே ‘இது ராத்திரி வெட்டினது’ என்று சொல்லிவிடுவார்.

அடுத்தது வெளிச்சம். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் விடியல் சட்டென்று முடிந்துவிடும். சூரிய உதயத்துக்கு முந்தைய நீல வெளிச்சம் ஏறக்குறைய 20 நிமிடம்தான், தோட்டத்துக்குள் மரநிழலால் இன்னும் கொஞ்சம் தள்ளி வரும். ஆகவே அகலக் காட்சிகளுக்கு மட்டும் அந்த நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கக் காட்சிகள் முழு இருட்டிலேயே எடுக்கலாம், விளக்கு உங்களுடையது.

நெற்றி விளக்கில் ஒரு பிரச்சினை உண்டு. பல எல்இடி விளக்குகள் மங்கல் நிலையில் வைக்கும்போது வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் பட்டைப் பட்டையாக ஓடும். உங்கள் மூன்றாவது ஷாட்டில் ஓடுவது அதுதான். விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்து, முன்னால் பட்டர் பேப்பர் இரண்டு மடிப்பு ஒட்டுங்கள். விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. நிறச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விடாமல் 5600 கெல்வினில் பூட்டுங்கள். பால் வெள்ளையாகவும் பின்னால் விடியல் நீலமாகவும் தானாகவே பிரியும். போனில் எடுப்பதானால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம், அதில் எல்லாவற்றையும் பூட்டலாம்.

பால் வெளிச்சம் மிஞ்சி வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. எக்ஸ்போஷரை முகத்துக்கு வைத்ததன் விளைவு இது. இந்தக் காட்சியில் பாலுக்கு வையுங்கள். வெளிச்சம் மிஞ்சும் இடத்தில் கோடு காட்டும் ஸீப்ராவை 90-இல் வைத்து, பாலின்மேல் கோடு விழாத வரைக்கும் குறையுங்கள். முகம் இருட்டில் போனால் போகட்டும்.

குளோசப்பில் ஃபோகஸ் நழுவுவதற்குக் காரணம் 50 எம்எம் லென்ஸின் துளையை (அப்பர்ச்சர்) 1.8-இல் திறந்து வைத்தது. அரை மீட்டருக்கும் குறைவான தூரத்தில் அப்போது தெளிவாக இருக்கும் ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. வெட்டோ உருண்டையான மரத்தைச் சுற்றி வளைந்து போகிறது. 4-க்கோ 5.6-க்கோ மூடிவிட்டு, குறையும் வெளிச்சத்தை ஒரு சின்ன எல்இடி பேனலால் ஈடுகட்டுங்கள். அதை நெற்றி விளக்கு இருக்கும் உயரத்திலும் திசையிலும் வைத்தால் யாருக்கும் தெரியாது.

ஒரு ஷாட்டை எடிட்டில் இடவலமாகத் திருப்பியிருக்கிறீர்கள். வெட்டு வலது மேலிருந்து இடது கீழாக ஓடுகிறது. பால்குழாய்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்து ஏறுவதால்தான் இடது மேலிருந்து வெட்டுகிறார்கள், அப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். நம் ஊர்க்காரர் யாரும் இதைத் தவறவிட மாட்டார். திருப்பியதை எடுத்துவிடுங்கள்.

அகலக் காட்சிகளில் இரண்டு பருவம் கலந்திருக்கிறது. ஒன்றில் இலை அடர்ந்து இருட்டாக, அடுத்ததில் மரங்கள் மொட்டையாக, வானம் வெளுத்து. ரப்பர் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் இலையுதிர்க்கும். கலர் கிரேடிங்கால் அதை ஒட்டவைக்க முடியாது. மழைக்காக மரத்தில் கட்டும் பிளாஸ்டிக் பாவாடையும் அப்படித்தான், ஒரு மரத்தில் இருந்தால் நான்கிலும் இருக்க வேண்டும். முந்தின இரவு மழை பெய்திருந்தால் படப்பிடிப்பைத் தள்ளிவையுங்கள். ஈரப்பட்டையில் பால் வெட்டுக்காலைவிட்டு மரம் முழுக்கப் பரவி வழியும், அன்று வெட்டவும் மாட்டார்கள்.

ஒலிக்கு இவ்வளவு நல்ல இடத்தில் நின்றுகொண்டு பாட்டைப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பாட்டுக்கு உரிமை இல்லாமல் திரைப்பட விழாக்களுக்கு அனுப்பவும் முடியாது. பட்டை சீவும் சத்தத்தைப் படம் எடுக்காமல் தனியாக, மைக்கைக் கத்திக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்குள். நாடா உரியும் சத்தமும் சிரட்டையில் முதல் சொட்டும் அதேபோலத் தனித்தனியாக. பூச்சிச் சத்தம் ஒவ்வொரு ஷாட்டிலும் ஏறி இறங்குவதால்தான் உங்கள் கட்கள் காதில் இடறுகின்றன. விடியலின்போது அது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி இரண்டு நிமிடம் வெறும் தோட்டத்தை இருட்டில் ஒருமுறை, வெளுத்தபின் ஒருமுறை எடுத்துவையுங்கள். இருட்டில் எடுத்ததை 60 விநாடிக்கும் அடியில் ஒரே துண்டாக விரித்தால் இடறல் அடங்கிவிடும்.

பெயர்கள்: தொடக்கத்தில் படத்தின் பெயரும் உங்கள் பெயரும் போதும், மற்ற ஐந்தும் கடைசியில். தலைப்பில் ‘கொ’ உடைந்து கொம்பு தனியாக நிற்கிறது. எடிட்டிங் மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை இயக்கினால் சரியாகலாம். ஆகாவிட்டால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக 1920-க்கு 1080 அளவில் கொண்டுவாருங்கள். எழுத்துக்கிடையே இடைவெளியை இழுத்து விரிக்காதீர்கள், தமிழில் சொல் துண்டுதுண்டாகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம், திரையில் தெளிவு. ஒவ்வொரு அட்டையும் நிதானமாக இரண்டு முறை வாசிக்கும் நேரம் நிற்கட்டும்.

எடிட் முடிந்ததும் ரப்பர் தோட்டத்துக்குள் போயிராத மூன்று பேரைப் பிடியுங்கள். கடற்கரைப் பக்கத்து நண்பர்கள் கிடைப்பார்கள், தூத்தூர், குளச்சல் என்று. ஒலியை அணைத்துவிட்டு இந்த 60 விநாடியைக் காட்டி, ‘நாலாவது மரத்துக்கு என்ன ஆச்சு’ என்று மட்டும் கேளுங்கள். ‘யாரோ முன்னாடியே வெட்டிட்டாங்க’ என்று இரண்டு பேராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் முகத்தைக் காட்டும் ஷாட்டை நீட்டாதீர்கள். இரண்டாவது மரத்தில் நாடா உரியும் ஷாட்டை 2 விநாடி நீட்டிவிட்டு வேறு மூன்று பேருக்குக் காட்டுங்கள். புது வடிவம் ஆனதும் எனக்கும் அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்
ஆசிரியர்