திரும்பி வருவதற்கும் ஆள் வேண்டும்

அன்புள்ள அம்மா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். கார் பெரும்பாலும் வாசலில் சும்மாதான் நிற்கிறது. புற்றுநோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போய் வருவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் செய்ய ஆசை. மகன்தான் கேட்கிறான், "ஆட்டோவுக்குக் காசு கொடுத்தால் போதாதா? வழியில் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னப்பா செய்வீர்கள்?" என்று. பதில் சொல்லத் தெரியவில்லை. நோயாளியிடம் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை.

எஸ்., மடிப்பாக்கம்

அன்புள்ள எஸ். சாருக்கு,

மகன் கேட்டது நியாயமான கேள்வி. ஆட்டோவுக்குக் காசு கொடுப்பதும் நல்ல உதவிதான், முடிந்தவர்கள் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் கதிர்வீச்சு சிகிச்சை எப்படி நடக்கிறது என்று அவரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

'கரண்ட் வைக்கிறது' என்று நம் ஜனங்கள் சொல்வார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும். பலருக்கு ஐந்து, ஆறு வாரம் போகும். மெஷினுக்கு அடியில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். அதற்காகப் போக, காத்திருக்க, வர என்று அரை நாள் போய்விடும். முதல் வாரம் எப்படியோ ஓடிவிடும். மகன் லீவு போடுவான், ஊரிலிருந்து தம்பி வந்து தங்குவார். மூன்றாவது வாரத்தில் லீவு தீர்ந்திருக்கும், தம்பிக்கு ஊரில் அறுவடை வந்திருக்கும். நோயாளியின் உடம்பு தளர ஆரம்பிப்பதும் அப்போதுதான். "இன்னிக்கு முடியலை, நாளைக்குப் போய்க்கலாம்" என்ற பேச்சு வீட்டில் அப்போதுதான் வரும்.

அப்படி நாள் தள்ளக் கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு, உள்ளே வைத்துக் கொடுப்பது எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது டாக்டர்களின் கணக்கு. இழுத்துக்கொண்டே போனால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் மறுபடி பெருகிவிடும். வாய், தொண்டைப் புற்றுக்கும் இதே கதைதான். காலை ஏழரைக்கு வாசலில் வண்டி வந்து நிற்கும் என்று தெரிந்துவிட்டால், போகலாமா வேண்டாமா என்ற பேச்சே எழாது. வண்டி ஓட்டுவதை மருந்து கொடுக்கிற வேலையாகத்தான் நான் நினைக்கிறேன்.

வந்தவாசிப் பக்கத்து அம்மா ஒருவரை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 25 நாள் கூட்டிப்போனேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. அந்த அம்மா பள்ளிக்கரணையில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். அடிவயிற்றில் கரண்ட் வைக்கும்போது சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். குடல் மேலே தள்ளிக்கொள்ளும், கதிர் அதிகம் படாது. அதற்காக வீட்டிலேயே வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறுவார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் மேலே இருக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மூன்றாம் நாள் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்துவிட்டேன். அங்கே இருந்த நர்ஸிடம் கேட்டதில், ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு குடித்தாலே போதும் என்று நேரம் குறித்துக் கொடுத்தார். அப்புறம் பாட்டில் என் பக்கத்து சீட்டில்தான் வந்தது. கடைசி வாரத்தில் அந்த அம்மாவே எனக்கு வழி சொல்வார்: "கண்ணு, பள்ளம் வருது, மெதுவா."

திரும்பி வருவது வேறு மாதிரி. போகும்போது கூட வர யாராவது கிடைத்துவிடுவார்கள், வருவதற்குத்தான் ஆள் இருக்காது. பதினெட்டாம் நாளோ என்னவோ, அந்த அம்மாவுக்குக் குமட்டல் வந்து, வேளச்சேரி தாண்டுவதற்குள் இரண்டு முறை வண்டியை ஓரங்கட்டினேன். காரில் தொங்கிய வாசனை டப்பாவை அன்றைக்கே கழற்றிப் போட்டேன். நமக்கு மணமாக இருப்பது அவர்களுக்குக் குமட்டும். ஒரு துண்டு, நாலைந்து கவர், தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். மார்பில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு சீட் பெல்ட் உறுத்தும், நடுவில் வைக்க ஒரு சின்னத் தலையணை போதும்.

மகனுடைய இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கண்டிப்பாக வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வைத்தியம் பார்ப்பது நம் வேலை இல்லை. கீமோ என்கிற புற்று மருந்து எடுத்தவர்களுக்கு அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அந்தச் சமயத்தில் காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். உங்களுக்குச் சளி இருந்தால் அன்றைக்கு நீங்கள் போகாதீர்கள், வேறு யாரையாவது அனுப்புங்கள். பெட்ரோலுக்கு என்று இருநூறு ரூபாய் நீட்டுவார்கள். மறுக்க மனசு கஷ்டப்படும், இருந்தாலும் வாங்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த கார் இன்சூரன்ஸ் வாடகைக்கு ஓட்டினால் செல்லாது.

என்ன பேசுவது? அவர்கள் பேசினால் பேசுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள். 'எங்க சித்தப்பாவுக்கும் இதேதான்' என்று தொடங்க வேண்டாம். முள் சீத்தாப்பழம், கஷாயம் எதுவும் சொல்ல வேண்டாம். அந்த அம்மா என்னிடம் நோயைப் பற்றிப் பேசியதே இல்லை. வேர்க்கடலை களை எடுக்காமல் கிடப்பதைப் பற்றித்தான் 25 நாளும் பேசினார். வாய்ப் புற்றுக்குக் கரண்ட் வைப்பவர்களுக்குப் பேசுவதே வலி. அவர்கள் தலையாட்டினாலே பதிலாகிவிடும் என்கிற மாதிரி கேளுங்கள்.

சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணம் கிடையாது. எங்கிருந்தோ எழும்பூர் வரை வந்துவிடுகிறார்கள். அங்கிருந்து அடையாறுக்கு வரும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் திணறிப்போகிறார்கள். உங்களையும் என்னையும் போல வண்டி சும்மா நிற்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்!

தினமும் வருகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு நாள் என்று சொல்லி, அந்த இரண்டு நாளைத் தவறவிடாமல் இருந்தால் போதும். கீழ்க்கட்டளையில் தொண்டைப் புற்று உள்ள ஒருவருக்கு வருகிற திங்கட்கிழமை கரண்ட் ஆரம்பிக்கிறது. மொத்தம் 33 நாள். மனைவி கூட வருவார். திங்கள், புதன், வெள்ளி நான் பார்த்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. காலை எட்டே காலுக்கு அவர்கள் வாசலில் இருக்க வேண்டும். உங்களால் முடியுமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.